பக்கத்து சீட்டில் தூங்கிய பிரேக் சார்

அந்த டிரைவிங் ஸ்கூலில் படித்தவர்கள் யாருக்கும் அவருடைய பெயர் தெரியாது. பிரேக் சார் என்றால் தெரியும். கற்றுக்கொடுப்பவருக்கென்று பக்கத்து சீட்டின் காலடியில் இரண்டாவதாக ஒரு பிரேக் வைத்திருப்பார்கள் அல்லவா, அதன்மேல் இருபத்திரண்டு வருஷமாக வலது காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். வயது நாற்பத்தாறு. இத்தனை வருஷத்தில் ஒரு லாரியையும், இரண்டு பள்ளிக்கூட வேன்களையும், ஓர் ஆஸ்பத்திரிச் சுவரையும் தன் வலது கால்தான் காப்பாற்றியது என்று அவர் சொல்வதுண்டு. அதை மறுத்தவர் யாரும் இல்லை.

அந்தக் காலைத் தவிர அவர் உடம்பில் வேறு எதற்கும் வேலை இருக்கவில்லை. மூன்றாம் மாடியில் வீடு, இறங்க லிஃப்ட். வாசலில் ஸ்கூல் வண்டி. காலை ஆறரைக்கு அதில் உட்கார்ந்தால் ஒரு மாணவர் இறங்க இன்னொரு மாணவர் ஏறுவார், இவர் இறங்க மாட்டார். மத்தியானச் சாப்பாடு வண்டியில். நாலு மணிக்குக் கிரீம் பிஸ்கட்டும் குளிர்பானமும் வண்டியில். சாயந்தரம் வீட்டுக்கு வந்தால் சோபா இருக்கும். வாரத்தில் நாலு நாள் மனைவியின் தம்பி பியர் பாட்டில்களோடு வருவான். உழைத்துக் களைத்த மனிதன் கொஞ்சம் குடிப்பதில் தப்பில்லை என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து.

களைப்பு மட்டும் உண்மைதான். எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் யாரோ ராத்திரி முழுக்க மூட்டை தூக்க வைத்த மாதிரி உடம்பு கனக்கும். சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுவார். வீட்டில் அவரும் மனைவியும் நீண்ட தூர பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட் கிடைத்த பயணிகளைப் போல மரியாதையாக, இடித்துக்கொள்ளாமல் இருந்தார்கள். மகள் வெளியூரில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாள். வீடு அமைதியாக இருந்தது. வயதானால் இப்படித்தான் என்று அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

அந்த முடிவைக் குலைத்தவர் மருந்துக்கடை அம்மா.

ஐம்பது வயது. தெருக்கோடியில் சொந்தமாக மருந்துக்கடை வைத்திருப்பவர். ஸ்கூலில் சேர்ந்து பத்து வகுப்பு முடிந்திருந்தது. டாக்டர் சீட்டில் எழுதியதைக் கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது என்று கால் நூற்றாண்டு பழகியவர் என்பதால், வண்டி ஓட்டும்போதும் அப்படியே. பிரேக் சார் இடப்பக்கம் என்றால் இடப்பக்கம். நிறுத்து என்றால் நடு ரோடாக இருந்தாலும் நிறுத்தம்.

பதினோராவது வகுப்பு மத்தியானம் மூன்று மணிக்கு. வண்டி புறவழிச்சாலைக்கு வந்ததும், “நான் சொல்ற வரைக்கும் நேரா போங்க மேடம்” என்றார் பிரேக் சார். அதன்பிறகு அவர் எதுவும் சொல்லவில்லை.

கண்ணாடியை யாரோ தட்டும் சத்தத்தில்தான் விழித்தார். ஆரஞ்சு நிற ஜாக்கெட் போட்ட ஒருவர் டிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார். முன்னால் நாலு வண்டி, பின்னால் எட்டு வண்டி. அதற்கும் முன்னால், வண்டிகளை அக்கரைக்கு ஏற்றிப் போகும் பெரிய படகு வாயைத் திறந்துகொண்டு நின்றது.

“எங்க இருக்கோம்?”

“படகு வரிசையில சார். நீங்க நேரா போகச் சொன்னீங்க. இதுக்கு மேல நேரா தண்ணிதான் இருக்கு.”

“என்னை எழுப்பலாம்ல?”

“கூப்பிட்டுப் பார்த்தேன், நீங்க அசையல. தட்டி எழுப்பலாம்னா, ஸ்டீரிங்ல இருந்து கையை எடுக்கவே கூடாதுன்னு முதல் நாளே சொல்லியிருக்கீங்களே.”

ரிவர்ஸ் எடுப்பது பதினைந்தாவது வகுப்புப் பாடம். அதனால் பிரேக் சாரே இறங்கிச் சுற்றி வந்து டிரைவர் சீட்டில் ஏற வேண்டியதாயிற்று. வண்டியைச் சுற்றி வந்ததற்கே அவருக்கு இரைத்தது. பின்னால் இருந்த எட்டு வண்டிக்காரர்களும் ஒவ்வொருவராக நகர்ந்து வழிவிட்டார்கள். கூரைமேல் இருந்த ‘ஓட்டுநர் பயிற்சி’ பலகையை எட்டு பேரும் நிதானமாகப் படித்தார்கள்.

திரும்பும் வழியில் மருந்துக்கடை அம்மா சொன்னார்: “அது சாதாரணத் தூக்கமா தெரியல சார். குறட்டை வருது, திடீர்னு மூச்சு நின்னுடுது. அப்புறம் திணறிக்கிட்டு வருது. ரெண்டு தடவை நீங்க போயிட்டீங்கன்னே நினைச்சேன்.”

“அப்பவும் நேராவே போனீங்களா?”

“வேற என்ன செய்யறது?”

முதலாளியிடம் இதைச் சொல்ல மாட்டேன், ஆனால் இந்த வாரத்துக்குள் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அவர் நிபந்தனை போட்டார். மறுநாளே ஒரு டாக்டரின் பெயரைக் காகிதத்தில் எழுதி வந்து கொடுத்தார். மருந்துக்கடையில் இருந்துகொண்டு யாருடைய கையெழுத்தையும் படித்துப் பழகியவரின் கையெழுத்து என்பதால் அது தெளிவாக இருந்தது.

டாக்டரம்மாவுக்கு இவரைவிடப் பத்து பன்னிரண்டு வயது குறைவு. எடை பார்த்தார், இடுப்பை அளந்தார். தூக்கம், குறட்டை, குடி, கோபம் எல்லாவற்றையும் கேட்டார். மலச்சிக்கல் உண்டா என்று கேட்ட அதே குரலில், மனைவியோடு நெருக்கம் எப்படி, ஆசை முன்போல இருக்கிறதா என்றும் கேட்டார். பிரேக் சார் எதிர்ச் சுவரில் கண் சோதனைக்காக மாட்டியிருந்த எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு, வேலை ஜாஸ்தி என்றார். டாக்டரம்மா அந்த இரண்டு வார்த்தையைவிட நீளமாக ஏதோ எழுதிக்கொண்டார்.

ரத்தம் காலை எட்டு மணிக்கு எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து, அதே எட்டு மணிக்கு, இன்னொரு தடவை. எதற்கு இரண்டு என்று கேட்டதற்கு, இந்த ஹார்மோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும், நாளுக்கு நாள் ஏறி இறங்கவும் செய்யும், ஒரே ஒரு தடவை பார்த்து முடிவு கட்டக் கூடாது என்றார்கள். இரண்டு தடவையும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனுக்கு நேரே இருந்த எண், இருக்க வேண்டிய எல்லைக்குக் கொஞ்சம் கீழே இருந்தது.

டாக்டரம்மாவை அந்த வார்த்தையைத் திரும்பச் சொல்லச் சொன்னார் பிரேக் சார். புரியாமல் அல்ல. இரண்டாவது தடவை வேறு வார்த்தையாக இருக்கக் கூடாதா என்றுதான். பிறகு, ஊசி ஏதாவது போட்டு விட்டுவிடுங்களேன் என்றார்.

“ஊசி இருக்கு. ஆனா உங்களுக்கு முதல்லயே அது வேண்டாம். வெளியில இருந்து கொடுத்தா, உள்ள செய்யற இடம் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்துடும். உங்க உடம்புக்குச் செய்யத் தெரியாம இல்ல. நீங்கதான் அது மேல ஏறி உட்கார்ந்திருக்கீங்க.”

வயிற்றைச் சுற்றிய கொழுப்பு இந்த ஹார்மோனைத் தின்றுவிடும் என்றார். உடம்பு அதைத் தயார் செய்வது பெரும்பாலும் தூக்கத்தில், ஆனால் மூச்சு நின்று நின்று வருபவருக்குத் தூக்கம் என்று ஒன்று இல்லவே இல்லை என்றார். ஆறு மாதம் கெடு. எடை குறைய வேண்டும், தசைக்கு வேலை கொடுக்க வேண்டும், பியர் குறைய வேண்டும், வெயில் மேலே பட நடக்க வேண்டும், தூக்கத்தைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும். அதன்பிறகும் ஏறாவிட்டால் மற்றதைப் பேசலாம்.

பிரேக் சார் ரிப்போர்ட்டை நான்காக மடித்து வண்டியின் டேஷ்போர்டுப் பெட்டியில், இன்ஷூரன்ஸ் காகிதங்களுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். மனைவியிடம், விட்டமின் குறைச்சலாம் என்றார். அது பொய் இல்லை. விட்டமின் டி-யும் குறைவாகத்தான் இருந்தது.

விஷயத்தை மனைவியிடம் சொல்ல வராத வாய், இரண்டாவது பியரில் மச்சினனிடம் சொல்லிவிட்டது. அவன் அதிர்ச்சி அடையவில்லை. தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு, மறுநாள் ஆண்களுக்கான வீரியப் பொடி டின் ஒன்றோடு வந்தான். போன் கவர் விற்கும் தன் கடையில் ஓர் ஓரமாக அவன் இதையும் விற்று வந்தது அன்றுதான் இவருக்குத் தெரியும். டின்மேல் ஒரு கறுப்புக் குதிரை பின்னங்காலில் நின்றுகொண்டிருந்தது. முழுக்க இயற்கை, எல்லாம் மூலிகை என்றான். என்ன மூலிகை என்று கேட்டதற்கு, அதுதான் ரகசியம் என்றான்.

ஒன்பது நாள் சாப்பிட்டார். நாலாம் நாள் சிக்னலில் நிற்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்தது. ஆறாம் நாளிலிருந்து தலைவலி. குதிரைக்கு இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று பொறுத்துக்கொண்டார். ஒன்பதாம் நாள் மருந்துக்கடை அம்மா ஒரு நாய்க்காகச் சட்டென்று பிரேக் அடித்தபோது, சீட்டுக்கு அடியிலிருந்து டின் உருண்டு வந்து அவர் காலடியில் நின்றது. வண்டியை முறைப்படி ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தார்.

“இதுல என்ன இருக்குன்னே போடலையே சார்.”

“இயற்கைன்னு போட்டிருக்கு.”

“அரளி விதையும் இயற்கைதான்.”

டாக்டரம்மாவும் கிட்டத்தட்ட அதையே, கொஞ்சம் நீளமாகச் சொன்னார். அன்றோடு பிரேக் சார் அதை நிறுத்தினார். ஆனால் டின்னைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. அதையும் டேஷ்போர்டுப் பெட்டியில் ரிப்போர்ட்டின் பக்கத்தில் திணித்துப் பூட்டினார்.

மனைவிக்கு வேலை, சீருடை தைக்கும் கம்பெனியில். துணி வெட்டும் மேஜையில் பதினெட்டு வருஷம். ஓர் ஆளைப் பார்த்தாலே இடுப்பளவு சொல்லிவிடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஸ்கூல் வண்டியில் கடைக்குப் போய்த் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பிரேக் சார் பெட்ரோல் போட இறங்கியிருந்த நேரத்தில், மனைவி துடைக்கத் துணி தேடி, சாவிக்கொத்தில் இருந்த சின்னச் சாவியால் அந்தப் பெட்டியைத் திறந்தார். வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேஜையில் டின்னை வைத்தார். பக்கத்தில் மடித்த காகிதத்தைப் பிரிக்காமல் வைத்தார்.

“இந்தக் குதிரை யாருக்கு?”

கேள்வி எங்கே போகிறது என்று பிரேக் சாருக்குப் புரிய அரை நிமிஷம் ஆயிற்று. “யாருக்கும் இல்ல. உனக்குத்தான்” என்றார். சொன்ன பிறகுதான் அது சரியான பதில் இல்லை என்று தோன்றியது. காகிதத்தைப் பிரித்து அவர் முன்னால் நகர்த்தினார்.

மனைவி முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் பக்கத்தையும் படித்தார். எண்ணுக்குக் கீழே நகத்தால் ஒரு கோடு இழுத்தார், துணியில் வெட்ட வேண்டிய இடத்தில் இழுப்பதைப் போல.

“எட்டு மாசமா நான் என்ன நினைச்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமா? என்னைப் பார்த்தா உங்களுக்கு அலுத்துப்போச்சுன்னு நினைச்சேன். முடிக்குச் சாயம் கூட மாத்தினேன். நீங்க ரத்தத்துல குறைச்சல்னு ஒரு காகிதத்தை வண்டியில பூட்டி வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் சுத்தறீங்க.”

“இதை எப்படிச் சொல்றது?”

“வாயாலதான்.”

சாயம் மாறியதைப் பிரேக் சார் கவனித்திருக்கவில்லை. அதை இப்போது சொல்ல வேண்டாம் என்ற அளவுக்கு அவருக்கு விவரம் இருந்தது. கொஞ்ச நேரம் இருவரும் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மனைவி, தன் பக்கத்திலும் ஒரு பொய் இருக்கிறது என்றார். ஆறு வருஷமாக, துவைக்கப் போடும் அவருடைய பேண்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போய், கம்பெனியில் மத்தியான இடைவேளையில் பிரித்து அகலமாக்கிக்கொண்டு வந்திருக்கிறார். கேட்டால் மனம் சங்கடப்படுவார் என்று சொல்லவில்லை.

“லேபிள்ல முப்பத்தாறுன்னு இருக்கே.”

“லேபிள் முப்பத்தாறுதான். பேண்ட் நாற்பத்திமூணு.”

கல்யாணமானதிலிருந்து ஒரே அளவு என்று பிரேக் சார் மாணவர்களிடம் பெருமை பேசியது எத்தனை தடவை என்பதற்குக் கணக்கே இல்லை. எழுந்து போய் ஒரு பேண்ட்டை எடுத்து உட்புறம் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத் தையலிலும் இரண்டு பக்கவாட்டுத் தையல்களிலும், பெல்ட்டுக்கு அடியில் மறையும்படி, ஒவ்வொன்றிலும் மூன்று விரல் அகலத்துக்கு வேறு துணி வைத்துத் தைத்திருந்தது. நிறம் அப்படியே பொருந்தியிருந்தது. மனைவி எவ்வளவு சுத்தமாக வேலை செய்பவர் என்று அவர் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். நல்ல தையல் என்று மட்டும் சொன்னார்.

மறுநாளிலிருந்து வண்டி ஸ்கூலிலேயே நின்றது. மூன்று கிலோமீட்டர் தூரத்தைக் காலையில் நடந்து போனார். முதல் நாள் வழியில் மூன்று பெஞ்சுகளில் உட்கார்ந்தார். மூன்றாம் மாடிக்குப் படியேறினார், இரண்டாம் மாடியில் குடியிருந்தவர் லிஃப்ட் ரிப்பேரா என்று விசாரித்தார். கிரீம் பிஸ்கட் இருந்த இடத்துக்கு அவித்த முட்டையும் கடலையும் வந்தன. இரவுச் சாப்பாடு மீனோ பருப்போ, பாதித் தட்டுக்குக் காய்கறி. இருவருக்கும் ஒரே சாப்பாடுதான். மனைவிக்கு மூட்டுவலி குறைந்ததாக அவரே பிறகு சொன்னார்.

தசைக்கு வேலை கொடுப்பதற்காக ஜிம்முக்கு ஒரே ஒரு நாள் போனார். நாலு பக்கமும் கண்ணாடி. ஒரே சமயத்தில் தன்னை நாலு பேராகப் பார்க்கும் தெம்பு அவருக்கு வரவில்லை. அதற்குப் பதிலாக ஸ்கூலின் பின்கட்டில் கிடந்த பழைய ஸ்டெப்னிச் சக்கரத்தை, வகுப்பு இல்லாத நேரத்தில், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுத்தார். முதலாளி ஜன்னல் வழியாக இரண்டு வாரம் பார்த்துவிட்டு, சக்கரங்களை இவ்வளவு அக்கறையாகச் சோதிக்கும் ஊழியரைக் கண்டதில்லை என்று பாராட்டி, டயர் கிடங்கின் பொறுப்பையும் கொடுத்துவிட்டார். அதற்குப்பின் சக்கரங்களுக்குப் பஞ்சமில்லை.

தூக்கப் பரிசோதனையில் மூச்சுத் தடை இருப்பது உறுதியாயிற்று. கடுமையான நிலை இல்லை. எடை குறையட்டும், மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுத்தாலே இவருக்குப் பாதி சரியாகும் என்றார் டாக்டரம்மா. தூக்கத்தில் புரண்டு மல்லாந்துவிடும் ஆளை எப்படித் தடுப்பது? மனைவி யோசித்தார். பனியனின் முதுகில் ஒரு பை வைத்துத் தைத்து, அதற்குள் டென்னிஸ் பந்தைப் போட்டு, பையின் வாயைத் தைத்துவிட்டார். ஐந்து பனியன், ஐந்து பந்து. முதல் வாரம் பிரேக் சார் புரளும்போதெல்லாம் யாரோ முதுகில் குத்துவதாகத் திட்டிக்கொண்டே எழுந்தார். இரண்டாம் வாரம் புரளவில்லை. மூன்றாம் வாரத்தில் ஒரு காலை, எட்டு மாதத்தில் தான் முதன்முறையாக விடியும்வரை தூங்கியதாக மனைவி சொன்னார். குறட்டையை அதுவரை அனுபவித்தவர் அவர்தானே.

எல்லாம் நேர்கோட்டில் போகவில்லை. ஆறாம் வாரம் எடை இயந்திரம் எழுநூறு கிராம் மட்டுமே குறைந்ததாகக் காட்டியது. அன்று பிரேக் சார் வண்டிக்குள் தனியாக உட்கார்ந்து ஒரு பாக்கெட் கிரீம் பிஸ்கட்டை முழுதாகத் தின்றார். ஒரு மாணவரிடம் கிளட்ச் விஷயமாகக் கத்தியதில் அவர் அழுதுவிட்டார். மாணவர் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. டாக்டரம்மாவிடம் இரண்டையும் ஒப்புக்கொண்டபோது, பிஸ்கட் போனால் போகட்டும், நாளைக்கு நடங்கள், அந்த அதிகாரியிடம் மன்னிப்பு மட்டும் கேட்டுவிடுங்கள் என்றார். கேட்டார்.

மச்சினனிடம், இனி சனிக்கிழமை மட்டும், அதுவும் ஒரு பாட்டில் என்றார். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவன், இரண்டு மாதம் கழித்து ஒரு காலை நடை வழியில் காத்திருந்து, அந்த டாக்டர் ஆண்களை மட்டும் தனியாகப் பார்க்கும் நாள் ஏதாவது உண்டா என்று கேட்டான். எல்லா நாளும் பார்ப்பார் என்றார் இவர். டின்னைப் பற்றி இருவரும் பேசவில்லை. மருந்துக்கடை அம்மா இரண்டாவது முயற்சியில் லைசென்ஸ் வாங்கினார். முதல் முயற்சியில், பரிசோதகர் நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டாராம்.

ஆறு மாத முடிவில் பத்து கிலோ குறைந்திருந்தது. காலை எட்டு மணி ரத்தத்தில் அந்த எண் எல்லைக்கு உள்ளே வந்திருந்தது. உள்ளே என்றால் வாசற்படிக்குப் பக்கத்தில்தான். பிரேக் சாருக்கு ஏமாற்றம். இவ்வளவு சக்கரம் தூக்கியதற்கு இவ்வளவுதானா என்றார்.

“நம்பரை விடுங்க. ஆள் எப்படி இருக்கீங்க?”

யோசித்துப் பார்த்தார். மத்தியானம் மூன்று மணிக்கு விழித்திருக்கிறேன் என்றார். யாரையும் திட்டி ஒரு மாசம் ஆகிறது. நேற்று மனைவி சொன்ன ஒரு ஜோக்கை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டேன். அப்புறம், என்று நிறுத்தி, மேஜைமேல் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டு, அதுவும் பரவாயில்லை என்றார். டாக்டரம்மா அதை எழுதிக்கொள்ளவில்லை. இனி வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் பிரேக் சாருக்கு ஒரு சிறப்பு வகுப்பு இருந்தது. இரண்டரைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது மனைவி வந்து கதவில் சாய்ந்து நின்று, கட்டாயம் போகணுமா என்று கேட்டார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பிரேக் சார் அவரைப் பார்த்தார். சட்டைப் பொத்தான்களை, போட்ட வரிசைக்கு எதிர் வரிசையில் கழற்றினார். மாணவருக்குப் போன் செய்து வகுப்பு இல்லை என்றார்.

திங்கட்கிழமை ஸ்கூல் பதிவேட்டில், வகுப்பு ரத்தானதற்குக் காரணம் எழுத வேண்டியிருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கட்டத்தை அவர் நிரப்புவது அதுவே முதல் தடவை. கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, ‘பயிற்சியாளரின் உடல்நலம் காரணமாக’ என்று எழுதினார்.

முதலாளி பதிவேட்டைப் பார்த்துவிட்டு, ‘குறைவு’ங்கற வார்த்தையை விட்டுட்டீங்க போல என்றார்.

“இல்ல சார். சரியாத்தான் எழுதியிருக்கேன்” என்றார் பிரேக் சார். வாசலில் புது மாணவி காத்திருந்தார். போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலை பிரேக்மேல் வைத்துக்கொண்டு, முதல் கியர் போடுங்க என்றார்.